சோலை வரியும் உன் பெயரும்

என் மகளே,

நேற்று மாலையும் தொலைபேசியில் கதைத்தோம். நீ சாப்பிட்டாயா, அங்கே மழையா, ஸ்கூட்டியின் பின் டயரை மாற்றினாயா என்பதெல்லாம் கேட்டாகிவிட்டது. அதனால் சுகம் விசாரிக்கும் இரண்டு வரியை இந்தக் கடிதத்தில் மிச்சம் பிடிக்கிறேன். வரி என்ற சொல்லைக் கண்டதும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும், இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். படிவம் நிரப்புவது, விண்ணப்பம் எழுதுவது எல்லாவற்றையும் நீ பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே உன் தலையில் கட்டிவிட்டு, பேனா பிடிக்கவே மறந்துபோன ஆள் நான்.

போன கிழமை நீ சொன்ன ஒரு சொல்தான் என்னை எழுத உட்கார்த்தியது. நான் கமநல நிலையத்தில் வயலுக்கு ஏக்கர் வரி கட்டிவிட்டு வந்து, வரிசையில் நின்ற கதையை வழக்கம்போலப் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். நீ துணுக்காயில் மருத்துவமாது வேலையில் தாய்மார் கிளினிக் நடத்தி முடித்து வந்த களைப்பில் இருந்தாய். "அப்பா, அண்ணான்ர காணிக்கு நீங்கள் ஏன் இந்த வயசில வெயிலில நிண்டு வரி கட்டுறியள்? அண்ணாவைக் கட்டச் சொல்லுங்கோவன்" என்றாய். குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாய். நான் "ஓம் ஓம், சொல்லுறன்" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. நீ வளர்ந்த காணி, நீ தண்ணீர் கட்டிய வயல், நீ கச்சான் கடலை பிடுங்கிய மேட்டு நிலம். அதற்கு நீயே வைத்திருக்கும் பெயர் அண்ணாவின் காணி. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். நீ புது வீட்டுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை உன்னோடு கதைத்துத் தீர்க்கவேண்டும்: எனக்கும் அம்மாவுக்கும் பிறகு இந்த மூன்று ஏக்கர் யாருக்கு என்பதை.

அதற்கு முன், வரி கட்டப் போகிற நாளில் நான் ஏன் ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிய சேர்ட் போடுகிறேன் என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன். இத்தனை வருடம் சிரித்து மழுப்பினேன். உன் தாத்தாவும் அப்பாயியும் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறை ஒன்றில் இருந்தவர்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். அந்த லயத்தில் எங்கள் பெயரில் ஒரு கதவுகூட இருந்ததில்லை, அதனால் வரி கேட்டு எங்களிடம் ஒருவரும் வந்ததுமில்லை. கலவரத்தில் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தோம். காடு வெட்டினோம், மற்றவர் வயலில் கூலிக்கு நின்றோம், யுத்தத்தில் ஓடினோம், திரும்பி வந்தோம். அதன் பிறகுதான் எனக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது, நம் ஊர்வாயில் 'பேமிற்'. முதல் வருடக் கட்டணம் கட்டப் போன அன்று அலுவலகத்தில் இருந்தவர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். காணி எங்கே என்று கேட்டார், சொன்னேன். அவர் எழுதி, கிழித்து, கையில் தந்தார். அந்தப் பற்றுச்சீட்டில் என் பெயரும் ஒரு துண்டு நிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அதை நாலுதரம் வாசித்தேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டபோது வழியில் புழுதி என்றேன். அவள் அதை நம்பவில்லை, ஆனாலும் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுத் தந்தாள். ஊரில் மற்றவர்கள் வரி என்றால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது, நீ இங்கேதான் இருக்கிறாய் என்று வருடம் ஒருமுறை அரசாங்கம் கையெழுத்துப் போட்டுத் தருவது.

நம் காணிக்கு மூன்று வாசல் இருக்கிறது. பேமிற்றுக்கான வருடக் கட்டணம் பிரதேச செயலகத்தில், வயலுக்கான ஏக்கர் வரி கமநல நிலையத்தில், வீட்டுக்கான சோலை வரி பிரதேச சபையில். மூன்று இடத்திலும் மூன்று விதமாக என் பெயரை எழுதி வைத்திருந்தார்கள், நானும் மூன்று ஆளாகப் பெருமையோடு பல வருடம் திரிந்தேன். அதைக் கண்டுபிடித்துத் திருத்தியது நீ. ஆகவே உனக்கு நான் அறிவுரை சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். என்றாலும் தகப்பன் என்றால் சொல்லத்தானே வேண்டும். சோலை வரியைத் தை மாதத்துக்குள் கட்டிவிடு, தொகையில் கழிவு கிடைக்கும், வரிசையும் குறைவு. பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியவுடன் அங்கேயே நின்று வாசி, வீட்டுக்கு வந்து வாசித்தால் பிழையைத் திருத்த இன்னொரு நாள் போகும். மழை பொய்த்து விதைத்ததெல்லாம் கருகிய வருடத்தில் ஒளிந்துகொள்ளாமல் நேரே போய் நிலைமையைச் சொல். நான் ஒருமுறை வெட்கத்தில் போகாமல் இருந்து, அடுத்த வருடம் இரண்டு மடங்கு வெட்கத்தோடு போய் நின்றேன். எல்லாவற்றையும் விடப் பெரிய அறிவுரை, தெரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால் அது என்னவென்று யாரிடமாவது கேள். இதைச் சொல்லும் தகுதி இந்த மாவட்டத்திலேயே எனக்கு மட்டுந்தான் உண்டு.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையை என் வாயால் நீ கேட்டதில்லை, அம்மாதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. திரும்பி வந்து வீடு கட்டி முடித்த புதிது. சுவருக்குப் பூச்சில்லை, கல் தெரியும். ஒரு காலை ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள்: பிரதான வீதியோரக் காணிகளுக்கு இனிமேல் சோலை வரி, மதிப்பீடு செய்ய உத்தியோகத்தர் வருவார். யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல் காதுக்குப் பழகியது. லயத்தில் பிறந்தவனுக்கு எங்கே தெரியும்? சோலை என்றால் எனக்கு மரந்தான். சோலை வரி என்றால் மரத்துக்கு வரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். நம் காணியிலோ வேலி முழுக்க முருங்கை, கிணற்றடியில் தேசி எலுமிச்சை, பின்வளவில் பதினொரு மாங்கன்று, ஆறு தென்னம்பிள்ளை. எண்ணிப் பார்த்தேன், தலை சுற்றியது.

நீ சொன்னாய். கொப்பியை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து, "அப்பா, சோலை வரி எண்டா வீட்டுக்கு அப்பா. எங்கட ரீச்சர் வீட்டையும் கட்டுறவை" என்றாய். நான் "நீ போய்ப் படி. சோலை எண்டா என்னெண்டு எனக்குத் தெரியாதோ?" என்று சத்தம் போட்டேன். பிறகு மூன்று நாள் கத்தியும் கையுமாக நின்றேன். முருங்கையை அடியோடு தறித்தேன். மாங்கன்றுகளைத் தோண்டி, வீதியோரம் இல்லாத உள்ளொழுங்கை வீடுகளுக்குக் கொடுத்தேன். எனக்கு ஏதோ பெரிய மனது வந்துவிட்டதென்று அவர்கள் வாழ்த்தினார்கள். தென்னம்பிள்ளையில் நாலும் அப்படியே போயிற்று. அதோடு நின்றேனா? வருகிற உத்தியோகத்தர் நம்மைக் கொஞ்சம் மதிக்கவேண்டும் என்று நினைத்து, முன்சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசி, நீலப் பெயின்ற் அடித்து, யன்னல்களுக்குக் கண்ணாடியும் போட்டேன்.

உத்தியோகத்தர் வந்தார். காணிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்து அளந்தார், சுவரைத் தட்டினார், யன்னலை எண்ணினார். "புதுப் பூச்சோ ஐயா? நல்ல வடிவா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி எழுதினார். நான் அவருக்குப் பின்னாலேயே ஓடி, "தம்பி, இஞ்சால வந்து பாருங்கோ, மரமெண்டு ஒண்டுமில்லை" என்று மொட்டை வேலியைக் காட்டினேன். அவர் பாவம், ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "மரத்துக்கு என்ன ஐயா? இது கட்டடத்துக்குத்தானே." அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய மோட்டார் சைக்கிள் வீதிக்கு ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டு, "சோலையை மொட்டையடிச்சுப்போட்டு வீட்டுக்குப் பவுடர் பூசின மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள். அடுத்த ஆறு மாதம் முருங்கைக்காய்க் கறி கேட்கும்போதெல்லாம் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் பரிமாறினாள். நீயாவது நான் அப்பவே சொன்னேன்தானே என்று ஒருதரம் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு இடம் கிடைத்திருக்கும். நீயோ வாளியைத் தூக்கிக்கொண்டு மிச்சமிருந்த இரண்டு தென்னைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாய்.

இது சிரிக்கிற பிழை. சிரிக்க முடியாத பிழை அடுத்த வருடம் நடந்தது. பிரதேச செயலகத்தார் பாடசாலை மண்டபத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். பேமிற் வைத்திருப்பவர்கள் தங்களுக்குப் பின் காணி யாருக்கு என்று பெயர் கொடுக்கலாம் என்றார்கள். பின்னுரித்தாளர் என்று அதற்குப் பெயர். மனைவி இருந்தால் அவள் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு, அதன்பிறகு பெயர் கொடுத்த ஒருவருக்கு. வழக்கம்போல உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ வாங்கில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து நிரப்பிக்கொண்டு வந்தாய். பின்னுரித்தாளர் பெயர் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினாய். "இதில ஆற்ற பேர் அப்பா?" என்றாய். "அண்ணான்ர பேர்தான், வேற ஆற்ற?" என்றேன். நீ எழுதினாய். ஓர் எழுத்துப் பிழையில்லாமல், உன் முத்து முத்தான கையெழுத்தில், அண்ணாவின் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினாய். நீ பேனாவை நிறுத்தியபோது உன் முகத்தில் என்ன இருந்தது, கேள்வியா ஆசையா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உன்னைப் பார்க்கவில்லை. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் என்று சொன்னதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன், அவ்வளவுதான். உன் மனம் நொந்திருந்தால், மகளே, என்னை மன்னித்துவிடு.

அண்ணா நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே என்ஜின் ஒயில் வாசந்தான் பிடிக்கும், சேற்று வாசம் பிடிக்காது. இன்று கிளிநொச்சியில் கராஜ் வைத்து நன்றாக இருக்கிறான், மருமகளுக்கும் வீடு வளவு உண்டு. நீ பயிற்சிக்குப் போன காலத்திலும் காலபோக நெல் விதைக்கும் கிழமையென்றால் லீவு போட்டு வந்து நின்றாய். கமக்காரர் கூட்டத்துக்கு என்னோடு வந்து, தண்ணீர் முறையில் நமக்கு ஒரு நாள் குறைகிறது என்று அத்தனை ஆம்பிளைகளுக்கு முன் எழும்பிச் சொன்னாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், இரு இரு என்று. அந்த ஒரு நாளும் கிடைத்தது, அதற்குப் பிறகு ஊரில் ஒரு வருடம் என் பெயரை விட்டு, என்னை உன் அப்பா என்றுதான் சொன்னார்கள்.

நீ அண்ணாவின் காணி என்று சொன்னதற்கு அடுத்த நாள் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் புரண்டு யோசித்து வைத்திருந்த முன்னுரையை ஆரம்பித்தேன். அவன் பாதியில் மறித்துவிட்டான். "அப்பா, அவளே தன்ர கையால என்ர பேரை எழுதினவள் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் இப்பதான் அதை வாசிச்சனீங்களோ?" என்றான். பிறகு சிரித்துக்கொண்டு, "எனக்கு எந்த வரம்பு எங்கட, எந்த வரம்பு அடுத்தவன்ர எண்டே தெரியாது. தங்கச்சிக்கு மாத்துங்கோ. ஆனா மாங்காய் மட்டும் எனக்கு அனுப்பவேணும்" என்றான். "மரம் எங்கயடா இருக்கு, அதைத்தான் தோண்டிக் குடுத்திட்டனே" என்றேன். இரண்டு பேரும் போனில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது, இந்த முறை அம்மாவிடம் புழுதி என்று சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

உடனே வெளிக்கிட்டேன். மினுக்கிய சேர்ட்தான். பேமிற்றை எடுத்துக்கொண்டு செயலகத்துக்குப் போனேன். காணிப் பிரிவில் உன் வயதில் ஒரு பிள்ளை இருந்தது, நல்ல மரியாதையான பிள்ளை. பேமிற்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ஐயா, இதை ஏன் லேமினேற் செய்தனீங்கள்? இதிலதானே நாங்கள் மாற்றத்தைப் பதியவேணும். பிளாஸ்ரிக்கில எப்படி எழுதுறது?" என்றது. இனி ஓட நேர்ந்தாலும் நனையக்கூடாது, கிழியக்கூடாது என்ற பயத்தில் நாமெல்லாம் கையில் கிடைத்த கடதாசியையெல்லாம் கண்ணாடி போல ஒட்டி வைத்திருந்த காலம் அது என்று சொன்னேன். அந்தப் பிள்ளைக்கும் விளங்கியது, "எங்கட வீட்டில அம்மா என்ர சாதகக் குறிப்பையும் லேமினேற் செய்து வைச்சிருக்கிறா" என்று சிரித்தது. அலுவலகப் பிரதியில் பதியலாம், புதிய பிரதி ஒன்று தரலாம், வேலை நடக்கும் என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டியது. "நான் நிரப்பித் தாறன் ஐயா" என்றது. வேண்டாம் என்றேன். மூலையில் ஒரு கதிரையைப் பிடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நானே எழுதினேன். உன் பெயரில் ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதிவிட்டு, அந்தப் பற்றுச்சீட்டைப் போலவே நாலுதரம் வாசித்தேன்.

கடைசியில் ஒரு இடம்: முன்னைய நியமனத்தை இரத்துச் செய்வதற்கான காரணம். மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். மகன் வெளிநாட்டில், மகன் பார்ப்பதில்லை, அப்படி ஏதாவது எழுதுவார்கள் என்றது பிள்ளை. அண்ணாவைப் பற்றிப் பொய் எழுத எனக்கு மனமில்லை. "அன்றைக்கு மகளிடம் கேட்க மறந்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளை அதை வாசித்தது. சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி, "இப்ப கேட்டுட்டியளோ ஐயா?" என்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவிடம் கதைத்தேன், அண்ணாவிடம் கதைத்தேன், உன் பெயரையும் எழுதிவிட்டேன், உன்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. போன முறையாவது நீ பக்கத்தில் இருந்தாய். "வாறன் பிள்ளை" என்று படிவத்தைத் திருப்பி வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, வந்த வழியே சைக்கிளை மிதித்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "உங்களைத் திருத்த ஏலாது. போய்க் கடிதம் எழுதுங்கோ" என்றாள்.

ஆகவே கேட்கிறேன். இந்தக் காணி உனக்கு வேண்டுமா? நான் வெட்டி மொட்டையாக்கின வேலியோடும், மூன்று வாசல் வரியோடும், வருடா வருடம் வெயிலில் நிற்கிற வரிசையோடும் வேண்டுமா? நீ அங்கே உன் வேலை, உன் புருஷன், உன் வீடு என்று இருக்கப்போகிறாய். வேண்டாம் என்று சொல்ல உனக்கு எல்லா உரிமையும் உண்டு. எனக்கு மனத்தாங்கல் வராது, கொஞ்சம் வந்தாலும் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைச் சந்தோசப்படுத்த ஓம் சொல்லாதே, அண்ணாவை நினைத்து வேண்டாம் என்றும் சொல்லாதே. பதிலைப் போனில் சொல்லவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் துணுக்காய்க்கு வருகிறேன். உனக்கு முன்னால் இருந்து, இந்தக் கேள்வியை வாயால் ஒருதரம் கேட்டு, நீ சொல்லி முடிக்கும்வரை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

உன் அப்பா